சைலன்சருக்குள் எலி

போன வாரம் என் கார் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது. பெற்ற மகன் அனுப்புவதில்லை, கார் அனுப்புகிறது. புகைக்குழாயில் அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம், உடனே கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். அதே புகைக்குழாயைப் பழுது பார்த்து வாங்கி வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரி மகிழ்ச்சிகள் அவ்வப்போது உண்டு.

வேலப்பன்சாவடியில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வதற்கு வழி நெடுக ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டே போனேன். மேடு ஏறும்போது இழுவை குறைகிறது, மூன்றாவது கியரில் ஒரு முனகல் கேட்கிறது, காலையில் கிளப்பும்போது ஒரு வாசனை வருகிறது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் என் ஃபோன் நம்பரை மட்டும் கேட்டார். நான் பேச்சை ஆரம்பித்தேன். "வேணாம் சார், வண்டியே எல்லாத்தையும் சொல்லிடுச்சு" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் காரில் ஒரு ஒயரைச் செருகி மடிக்கணினியைப் பார்த்தார். ஏதோ ஒரு சென்சாரின் இணைப்பைச் சரியாக மாட்டவில்லையாம். மாட்டினார். இயந்திரம் கொடுத்த காபி ஆறுவதற்குள் சாவி என் கையில் இருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, ஒரு ஸ்பேனர்கூடக் கீழே விழவில்லை. இதையெல்லாம் ஒரு ரிப்பேர் என்று எப்படி ஒத்துக்கொள்வது?

வண்டியைக் கிளப்பியபோது பின்னாலிருந்து லேசாக வாசனை வந்தது. சூடான இரும்பும் டீசல் கரியும் சேர்ந்த வாசனை. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது கன்னியப்பன் மாமாவின் சட்டை.

கன்னியப்பன் மாமா என் அக்காவின் கணவர். டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது, காட்டுப்பாக்கத்தில் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்பது கௌரவமான சொல். தின்றுவிட்டுக் கிடந்தேன் என்பதே சரி. மாமாவும் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் லேத் மிஷினில் நின்றவர்தான். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர், கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, கொண்டுபோன சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கம்பெனி வேறு மாநிலத்துக்குக் காற்று வாங்கப் போய்விட்டது. தொழிலாளிகளை மட்டும் ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டது. கைக்கு வந்ததை வைத்து மாமா ஒரு பழைய வெள்ளை டீசல் கார் வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் டிரைவரானார்.

அந்தக் காருக்கு நிரந்தர சவாரி ஒன்றே ஒன்றுதான். ஐயப்பன்தாங்கலிலும் காட்டுப்பாக்கத்திலுமாக இருந்த நான்கு பேராசிரியைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விட வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த நான்கு பேர் ஒழுங்காகக் கல்லூரிக்குப் போனதால்தான். அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்களுக்காக வேண்டிக்கொள்வாள். ஒருத்தருக்கும் வேலை மாறிவிடக் கூடாது, ஒருத்தர் வீட்டுக்காரரும் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. இப்படியும் ஒரு பக்தி.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குமணன்சாவடி அருகே அந்தக் காரின் சைலன்சர் துருப்பிடித்து அறுந்து ரோட்டில் இழுபட்டது. மாமா பேராசிரியைகளை இறக்கிவிட்ட கையோடு பழைய சாமான் கடைக்குப் போய் வேறொரு சைலன்சரை வாங்கி வந்து வீட்டு வராந்தாவில் வைத்தார். மறுநாள் காலைச் சவாரியைச் சைலன்சர் இல்லாமலே ஊரைக் கூட்டிக்கொண்டு முடித்துவிட்டு வருவது, பத்து மணிக்கு ஏழுமலை வந்து பொருத்துவது என்று ஏற்பாடு. ஏழுமலை குமணன்சாவடியில் சைலன்சர் பற்றவைப்பவர். வெல்டிங் செட்டை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, மூன்று சக்கரமும் மூன்று திசையில் போக, வீடு தேடி வந்து வேலை செய்வார்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் நான் தரப் பரிசோதனைப் பிரிவு. இரும்புத் துண்டுகளைச் சுட்டு எடுக்கிற உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறதையெல்லாம் அளந்து சரி, சரியில்லை என்று சொல்கிற பெரிய பதவி. ஒரு தடவை நாங்கள் அனுப்பிய குழாய்கள் ஒரு பெட்டி நிறையத் திரும்பி வந்தன. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. அதற்கப்புறம் எங்கள் பிரிவில் ஒரு சட்டம் வந்தது. திறந்த ஓட்டை எதைப் பார்த்தாலும் அடைத்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். கையில் கிடைத்த துணி, காகிதம், கையுறை எதையாவது திணித்துவிட்டுப் போவோம். பழக்கம் எவ்வளவு முற்றியது என்றால், வீட்டில் வாய் குறுகிய தண்ணீர்ப் பாட்டில் மூடியில்லாமல் நின்றால்கூட எனக்குக் கை பரபரக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமா சவாரிக்குப் போய்விட்டிருந்தார். வராந்தாவில் சைலன்சர் இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காட்டுப்பாக்கத்தில் அப்போதுதான் கழனிகளை மனைகளாக்கிக்கொண்டிருந்தார்கள். நெல்லுக்குப் பழகிய எலிகள் வீடுகளுக்குக் குடிவந்திருந்தன. சட்டம் சட்டம்தான். பையிலிருந்து என் கையுறைகள் இரண்டையும் எடுத்தேன். ஒன்றைச் சுருட்டி வால் பக்கக் குழாயில் செருகினேன். இன்னொன்றை எஞ்சின் பக்கக் குழாயில் வைத்து, வெளியே விழுந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில், துடைப்பக் கட்டையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி இறக்கினேன். பிறகு போய்ப் படுத்துத் தூங்கினேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

அது உலைக்குப் பக்கத்தில் போடுகிற கையுறை. எந்தச் சூட்டுக்கும் எரியாது. கம்பெனிக்கு வந்த கையுறைக் கட்டைச் சோதித்துப் பார்த்து, மிகவும் தரமானது என்று கையெழுத்துப் போட்டவன் அடியேன்தான்.

நான் மத்தியானம் எழுந்தபோது ஏழுமலை வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது வண்டி அடம்பிடித்தது. கிளம்பியது, ஆனால் இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் இரண்டாவது கியருக்கு மேல் போக அதற்கு மனமில்லை. ட்ரங்க் ரோட்டில் சைக்கிளில் கீரை விற்கிறவர் மாமாவை முந்திக்கொண்டு போனாராம். போகும்போது திரும்பிப் பார்த்து அனுதாபமாகத் தலையை வேறு ஆட்டினாராம். காரில் இருந்தவர்களில் வேதியியல் பேராசிரியைதான் தலைவி. எரிபொருள் முழுமையாக எரியவில்லை என்று அவர் உடனே காரணம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார்.

"திங்கக்கிழமை காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க கன்னியப்பன். எட்டரைக்கு நாங்க நாலு பேரும் உள்ள இருந்தாகணும். முடியாதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. வேற வேன்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். அப்புறம் நாங்க அதுலயே போய்க்கறோம்."

மாமா வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சாப்பிடவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீ மிஷினுக்குத்தானடா படிச்ச, இன்னான்னு பாரேன்" என்றாள். பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் காருக்கு வந்த கோளாறுகளிலேயே பெரியது அதுதான்.

சனிக்கிழமை காலை காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் மீன்முள் படம் வரைந்தேன். எங்கள் கம்பெனியில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் இந்தப் படத்தை வரைய வேண்டும். மீனின் தலையில் கோளாறு, நடுவில் முதுகெலும்பு, இரண்டு பக்கமும் முள்முள்ளாகக் காரணங்கள். காரணம் கிடைக்காவிட்டாலும் மீன் அழகாக இருந்தால் மேனேஜர் ஒன்றும் சொல்ல மாட்டார். டீசலில் கலப்படம், வடிகட்டியில் அடைப்பு, டர்போ, பம்ப் என்று முட்களை வரைந்தேன். சைலன்சர் என்றும் ஒரு முள் போட்டேன். போட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தேன்.

"இத்த ஏண்டா அடிச்ச?" என்றார் மாமா.

"அது நேத்து மாத்தினது மாமா. புதுசா மாத்தினதுல ப்ராப்ளம் வராது. பழசுலதான் வரும். அதான் சயின்ஸ்."

"கரெக்ட்டுடா மச்சான்" என்றார் மாமா. அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சைலன்சரை மாற்றினோம், வண்டி ஓடவில்லை. ஒரு பச்சைக் குழந்தையைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும். ஆனால் அந்த இடத்தில் படித்தவர்கள் மட்டும்தான் இருந்தோம்.

பக்கத்து வீட்டு சுந்தரம் சார் தோளில் துண்டோடு வந்து சேர்ந்தார். ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட டாங்கியில் ஆரம்பித்துத்தான் விவரிப்பார். "எங்க டாங்க்ல அப்படியே இதே கம்ப்ளெயிண்ட் வந்தது தம்பி. ராஜஸ்தான்ல. மணல் உள்ள போயிடுச்சு" என்றார். காட்டுப்பாக்கத்தில் பாலைவன மணலைத் தேடி ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினோம். இரண்டு பல்லி முட்டை கிடைத்தது. அடுத்தது என் முறை. டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, கலப்படம் என்று தீர்ப்புச் சொன்னேன். இருந்ததை வடித்துவிட்டு வேறு டீசல் ஊற்றினோம். வண்டி அதையும் குடித்துவிட்டு முன்போலவே முனகியது. அக்காவுக்கு இந்த ஆராய்ச்சிகளில் நம்பிக்கையில்லை. எதிர்வீட்டுக்காரியின் கண் பட்டுவிட்டது என்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். துரு ஏறிய காரின் அடியில் தொங்குகிற சைலன்சரைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் பழங்களின் மேல் ஏற்றி நசுக்க வண்டிக்குத் தெம்பு இருந்ததே, அந்த மட்டில் எங்களுக்கு ஒரு ஆறுதல்.

சாயங்காலம் எனக்கு அடுத்த ஞானம் பிறந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் காரில் இருக்கிற எலெக்ட்ரானிக் சாமான்கள் எரிந்துபோகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். "ஏழுமலைதான் மாமா வண்டியக் கெடுத்தது. அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்றேன். தெருவில் நாலு பேர் கேட்கும்படிதான் சொன்னேன். யாராவது ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூரிலிருந்து தாமோதரன் வந்தார். டீசல் பம்ப் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர்கள்கூட அத்தனை பாவனையோடு நெஞ்சில் குழாய் வைத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாமோதரன் கண்ணைத் திறந்தார்.

"பம்ப்பு அவுட்டு அண்ணாத்தே. கழட்டி எட்துகினு போறேன். பொதங்கெழம சாய்ந்தரம் குட்த்துடறேன்."

"நாளிக்குக் காலைல சவாரி கீதுபா" என்றார் மாமா.

"அதுக்கு நான் இன்னா பண்றது? பம்ப்பு இன்னா பஜ்ஜியா, அஞ்சு நிமிசத்துல போட்டுக் குடுக்க?"

மாமா வராந்தாப் படியில் போய் உட்கார்ந்தார். ஃபோனை எடுத்து அந்த வேதியியல் அம்மாவின் நம்பரைத் தேடி எடுத்தார். ஆனால் அழுத்தவில்லை. கட்டை விரல் அந்தப் பெயரின் மேலேயே நின்றது. முன்பு ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாரே, அன்றைக்கும் முகம் இப்படித்தான் இருந்தது. அக்கா உள்ளே போய்விட்டாள். தாமோதரன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் பரப்ப ஆரம்பித்தார்.

அப்போதுதான் தெருமுனையில் மீன்பாடி வண்டிச் சத்தம் கேட்டது. ஏழுமலை காதுக்கு விஷயம் போயிருக்கிறது. வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"யாருபா அது, ஏழுமலை வண்டியக் கெடுத்துட்டான்னு சொல்லிகினு திரியறது? பேட்டரி ஒயரக் கழட்டி வெச்சிட்டுத்தான் நான் ராடையே தொட்டேன். அண்ணாத்தே பக்கத்துலதான நின்னுகினு இருந்தாரு, அவர கேளு. இருவது வருசமா பத்த வெக்கறேன் நைனா, ஒரு வண்டி என் கைல பட்டுக் கெட்டுப் போனதுன்னு எவனாவது சொல்லட்டும்!"

சொல்லிக்கொண்டே இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தக் கையில் ஒரு கையுறை இருந்தது. மணிக்கட்டுப் பட்டையில் அழியாத மையில் ஒரு எண். கம்பெனியில் கையுறை அடிக்கடி திருடு போகும் என்பதால் ஆளுக்காள் டோக்கன் நம்பரை எழுதிவைப்போம். அது என் டோக்கன் நம்பர்.

ஒரு நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. வராந்தா, தூக்கக் கலக்கம், துடைப்பக் கட்டை. வால் பக்கத்தில் செருகியது ஏழுமலை கண்ணில் பட்டிருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று எடுத்து மாட்டிக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டே வெல்டிங்கும் வைத்திருக்கிறார். இன்னொன்று எங்கே இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மூச்சு விடக் கொஞ்சம் இடுக்கு இருந்ததால்தான் வண்டி இந்த அளவுக்காவது ஓடியிருக்கிறது.

நல்ல மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் தரப் பரிசோதகன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதுக்கும் அந்த சைலன்சர ஒரு தடவ அறுத்துப் பாக்கலாமா?" என்றேன்.

தாமோதரன் சிரித்துவிட்டார். "நீதானபா செவப்புப் பேனால அத்த அடிச்சி வெச்ச?" என்றார். அந்தக் காலண்டர் தாளைச் சுவரில் வேறு ஒட்டிவைத்திருந்தேன். சுந்தரம் சார் துண்டை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, "நீங்க நேத்து சொன்னதுதான் தம்பி சரியான லாஜிக். அதை விட்டுடாதீங்க" என்று எனக்கு ஊக்கம் கொடுத்தார்.

"இல்ல, சும்மா ஒரு டவுட்டு" என்று பின்வாங்கினேன். ஆமாம், பின்வாங்கினேன். மாமாவின் பிழைப்பு ஒரு பக்கம், தெருவில் என் மானம் ஒரு பக்கம். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தாமோதரன் குனிந்து பம்பின் முதல் நட்டில் ஸ்பேனரைப் போட்டார்.

மாமா படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எலுமிச்சம்பழத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார்.

"தாமோதரா, கொஞ்சம் நில்லு. ஏழுமலை, அந்த சைலன்சர அறுபா."

"இன்னா அண்ணாத்தே, விளையாடறியா?"

"மச்சான் சொன்னான் இல்ல. சும்மா சொல்ல மாட்டான் அவன். அறு."

ஏழுமலை முனகிக்கொண்டே போய், தான் பற்றவைத்ததைத் தானே அறுத்தார். "தள்ளு, நான் பாக்கறேன்" என்று மாமாவே காருக்கு அடியில் ஊர்ந்து போனார். ஒரு வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. வெளியே அவர் முட்டிக்குக் கீழே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. அவ்வளவு நேரம் அவர் அங்கே என்ன செய்தார் என்று அப்போதே எனக்குத் தெரியும். மணிக்கட்டுப் பட்டையைப் படித்தார்.

வெளியே வந்தபோது கரி பிடித்த துணிச்சுருள் ஒன்று அவர் கைக்குள் முக்கால்வாசி மறைந்திருந்தது. யாரும் கிட்டே வருவதற்குள் அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"எலிக்கூடு" என்றார். "துணியும் பஞ்சுமா இட்டாந்து அடைச்சி வெச்சிகீது. வாங்கும்போதே உள்ள இருந்திருக்கும். நான்தான் பாக்காம வாங்கியாந்துட்டேன்."

எல்லோருக்கும் பரம திருப்தி. சுந்தரம் சார் ராஜஸ்தானில் ஒரு டாங்கிக்குள் ஒட்டகச் சாணம் இருந்த கதையைச் சொன்னார். தாமோதரன், அடைப்பு என்றுதான் தன் காதில் விழுந்தது, ஆனால் பம்பில் அடைப்பு என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். ஏழுமலை மட்டும் மாமாவின் இடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கையுறை விரலின் நுனியைப் பார்த்தார், தன் இடது கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி பற்றவைத்து முடித்து, கிளம்பும்போது கையுறையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தார்.

"இத்தையும் அந்த எலியாண்ட குட்த்துடு அண்ணாத்தே."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், புரியாதவன் மாதிரி. வண்டி முதல் சாவியிலேயே சீறிக்கொண்டு கிளம்பியது. திங்கட்கிழமை எட்டரைக்குக் கால் மணி நேரம் முன்பே நான்கு பேராசிரியைகளும் கல்லூரிக்குள் இருந்தார்கள். அன்று இரண்டு கையுறைகளும் துவைத்து என் பைக்குள் வைக்கப்பட்டிருந்தன. மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நானும் தினம் நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை பாருங்கள்.

எனக்குக் கல்யாணமாகித் திருமுல்லைவாயலுக்குக் குடிபோன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாமாவிடமிருந்து ஃபோன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்ததுமே எஞ்சின் சத்தம்தான் கேட்கும். ஃபோனை பானெட்டுக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். "கேக்குதாடா மச்சான்? டக்கு டக்குன்னு ஒரு சத்தம். இன்னான்னு சொல்லு." நான் காதில் அழுத்திக் கேட்டு, பேரிங், பெல்ட், வால்வு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "அதான் நானும் நெனச்சேன்" என்பார். வைத்துவிட்டு நேரே தாமோதரனிடம் போவார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் சொன்னது ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லையாம். ஆனாலும் அடுத்த சத்தத்துக்கும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்.

இனிமேல் சொல்லப் போவது எனக்கே கூசுகிற விஷயம். அந்த எலிக் கதையை நான் வெளியே சொல்ல ஆரம்பித்தேன். முதல் வருஷம், எங்கள் வண்டியில் ஒரு எலிக்கூடு இருந்தது என்று மட்டும் சொன்னேன். அடுத்த வருஷம் சைலன்சர் மேல் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சேர்த்துக்கொண்டேன். அதற்கடுத்த வருஷங்களில் எல்லோரும் தடுக்கத் தடுக்க, நான் ஒருவனே நின்று அறுக்கச் சொன்னவனாகிவிட்டேன். கம்பெனியில் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வில்கூடச் சொன்னேன். பிரச்சினையின் வேரைத் தேடும் திறமை என்று எழுதிக்கொண்டு உயர்வு கொடுத்தார்கள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது.

அக்கா மகளின் நிச்சயதார்த்தம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் என்பதால் சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு வண்டிகள் பக்கம் திரும்பியது. நான் விடுவேனா? மாப்பிள்ளை வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்க, முழுக் கதையையும் எடுத்துவிட்டேன். "எங்க மாமாவுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உள்ள பாக்காமலே சைலன்சர் வாங்கிட்டு வந்தவர். அன்னிக்கு நான் மட்டும் இல்லன்னா நல்ல பம்ப்பைக் கழட்டிக் குடுத்துட்டு, சவாரியையும் விட்டுட்டு உக்காந்திருப்பார்" என்றேன். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா சாம்பார் வாளியோடு நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா சம்பந்தி?" என்றார்.

ஒரு வார்த்தை போதும். அன்றைக்கு என்னை அந்த மண்டபத்தில் எழுந்திருக்கவே முடியாமல் செய்ய அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. அத்தனை பேர் எதிரில், மகளின் புது சம்பந்திகள் எதிரில், முட்டாளாக நின்றுகொண்டு, "ஆமாங்க, அவன் சொல்லித்தான் அறுத்தோம்" என்றார். என் இலையில் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். நான் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். அந்தச் சாம்பாரின் ருசிகூட இன்னும் நினைவில் இருக்கிறது. அதுதான் கேவலம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரவில்லை. கல்யாண வேலை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறுகளுக்கும் ஏதாவது ஒரு காரணம் வரைந்துகொண்டேன், காரணம் கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தொழிலாயிற்றே. இப்போது காட்டுப்பாக்கம் போகிற வழியெல்லாம் மெட்ரோ தூண்கள். மீன்பாடி வண்டியில் யாரும் வெல்டிங் செட்டோடு வருவதில்லை. ஏழுமலை எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

சர்வீஸ் சென்டரிலிருந்து நேரே மாமா வீட்டுக்குத்தான் போனேன். எப்படியாவது அந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். மாமா எழுந்து வந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அக்காவிடம் காபி போடச் சொன்னார். பிள்ளைகள் படிப்பை, என் சர்க்கரை அளவை, மழையை எல்லாம் முறையாக விசாரித்தார். ஒரு குறையும் இல்லை. ஒன்றாக இருந்து தின்ற வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். பேச்சை அந்தப் பக்கம் திருப்ப வேறு வழி தெரியாமல், "வண்டி எப்படி மாமா ஓடுது? சத்தம் கித்தம் ஏதாவது வருதா?" என்று கேட்டேன்.

"அத்த குட்த்து ஆறு மாசம் ஆவுது" என்றார். "நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு. கடைசியா ஒரு சத்தம் வந்துச்சு, இன்னான்னு தெரியல. போதும்னு குட்த்துட்டேன்."

என்ன மாதிரிச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது. காபி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.